தையல்கடைக்கு வந்த கேள்வி

2008ஆம் ஆண்டு, இலங்கையில் யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். மாத்தளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் கமலாட்சி தையல்கடை நடத்திவந்தாள். ஒரு மத்தியானம், முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவன் கையில் துணி எதுவும் இல்லாமல் உள்ளே வந்தான். வேறு யாரும் இல்லை என்பதைப் பார்த்துக்கொண்டான்.

“அக்கா, ஒன்னு கேக்கணும். கோவிச்சுக்காதீங்க. கயித்தால கட்டிக்கிறதுல ஆசை உள்ளவங்க... புருஷன் பொஞ்சாதி மாதிரி, இஷ்டப்பட்டு... அந்த மாதிரி ஆளுங்க இந்தப் பக்கம் இருக்காங்களா?”

கமலாட்சி மெஷினை நிறுத்தினாள். இருந்தார்கள். அவளும் கணவன் ஒஸ்வல்ட்டும் அப்படித்தான். கண்டிவரைக்கும் நாலைந்து ஜோடிகள் ஒருவரையொருவர் அறிவார்கள். இன்டர்நெட்டில் அவர்களுக்கு ஒரு குழுவும் இருந்தது. மாத்தளையில் தையல்கடை வைத்திருப்பதாக அவள் அதில் எழுதியிருந்தாள். இவன் அதைப் படித்துவிட்டுத்தான் வந்திருக்க வேண்டும். இன்றைக்கே அந்த வரியை அழித்துவிட வேண்டும்.

“எத்தனை கடையில இதைக் கேட்டீங்க?”

“மூணு தையல்கடைக்குப் போனேன். ஆனா எங்கயும் கேக்கல. நீங்கதான் நிமிர்ந்து என் முகத்தைப் பாத்தீங்க.”

“ஐடென்டி கார்டைக் காட்டுங்க.”

சோதனைச்சாவடியில் நீட்டுவதுபோல இரண்டு கையாலும் நீட்டினான். பெயர் முத்துவீரன், ஊர் யட்டவத்த. அவள் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

“பயப்படாதீங்க, நான் பொலிஸ் இல்ல. ஆனா உங்களைத் தெரியாம ஒருத்தர் பேரையும் சொல்ல மாட்டேன். பேரு வெளிய போனா ஆளே காணாமப் போற காலம் இது.”

“பேரு வேணாம்கா. எனக்குப் பைத்தியமான்னு மட்டும் சொல்லுங்க.”

நின்றபடியே சொன்னான். போன வருஷம் கொழும்பில் அவன் தங்கியிருந்த லொட்ஜைப் பொலிஸார் சுற்றிவளைத்து, அவனையும் பிடித்துக்கொண்டு போனார்கள். கைகளைப் பின்னால் கட்டிப் போட்டிருந்தார்கள். பிறகு விட்டுவிட்டார்கள்.

“என்னை யாராவது கயித்தால கட்டணும்னுதான் ஆசைக்கா. அதுக்கு ரொம்ப முன்னாடியே இருந்துச்சு. அவ்வளவு பட்டும் போகல. அப்ப அவங்க செஞ்சது எனக்குப் பிடிச்சிருந்துச்சா?”

கமலாட்சி முக்காலியை அவன் பக்கம் தள்ளினாள்.

“பிடிச்சிருந்துச்சா?”

“இல்ல. செத்துடலாம்னு இருந்துச்சு.”

“அப்புறம் என்ன? அங்க உங்களை யாராவது கேட்டாங்களா? எங்ககிட்ட கேக்காம ஒரு விரல் படாது. போதும்னு சொன்னா அந்த நிமிஷமே அவுத்துடணும். அவுக்காத ஆளை நாங்க சேக்கிறதில்ல. உங்களுக்குப் பைத்தியமும் இல்ல, ஒன்னும் இல்ல. உக்காருங்க.”

அவன் உட்கார்ந்தான். அவள் ஒரு சட்டைக்குப் பொத்தான் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் அவனைத் தேத்தண்ணிக் கடைக்கு வரச் சொன்னாள். தேத்தண்ணி குடிப்பது, பேசுவது, அவ்வளவுதான் என்றாள்.

வந்தான். கமலாட்சியோடு ஒஸ்வல்ட்டும் இருந்தான்; லொறி ஓட்டுபவன். பருத்த உடம்பு, பெரிய மீசை. முத்துவீரன் அவனைக் கண்டு ஒடுங்கிப்போய் உட்கார்ந்தான். ரோட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்த ஒஸ்வல்ட், பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து போனதும் குரலைத் தாழ்த்தினான்.

“தம்பி, எங்க வீட்டுல கட்டுறது இவதான். கட்டுப்படுறது நான்.”

முத்துவீரன் அந்த மீசையைப் பார்த்தான். கமலாட்சியைப் பார்த்தான். வாயில் இருந்த தேத்தண்ணி புரையேறும் அளவுக்குச் சிரித்தான்.

யட்டவத்த பஸ் வந்து நின்று, புறப்பட்டும் போனது. அவன் எழவில்லை. மூன்று பேருக்கும் இன்னொரு தேத்தண்ணி சொன்னான்.