விரிப்பின் மறுமுனை

அக்காவின் கண்ணில் முதலில் பட்டது செருப்பு. சலவைக்கூடத்து வாசலில், இடது வலது மாறி, ஒட்டி வைத்த ஒரு ஜோடி. அவள் தம்பியைத் தவிர வேறு யாரும் அப்படிக் கழற்றுவதில்லை. ஆக, உள்ளேதான் இருக்கிறான்!

"சிட்டுவா? இன்னிக்கு வரலையே சார்," என்றார் முதலாளி, வாய் கூசாமல். "வந்தாலும் வேலைன்னு ஒண்ணும் கிடையாது. பாவம், வீட்ல அடைஞ்சு கிடக்கறானேன்னு நான்தான் வந்து உக்காருடாம்பேன்."

தொழிலாளர் துறை அதிகாரி கழுத்தைத் துடைத்துக்கொண்டார். கூடம் முழுக்க ஆவி. விடுதிகளின் படுக்கை விரிப்புகள் மலைமலையாகக் கிடந்தன. அவற்றை மடிக்கும் பெண்களுக்கெல்லாம் சம்பளம் உண்டு. காலையிலிருந்து மாலைவரை அதே விரிப்புகளை மடிக்கும் சிட்டுவுக்கு மட்டும் மதியச் சாப்பாடு, பழைய சட்டை, முதுகில் ஒரு தட்டு. அவனுக்குப் புத்தி கொஞ்சம் மெதுவாம், அதனால். அக்கா நாயாய் அலைந்து இந்த மனுஷரை வரவழைத்திருந்தாள். இவர் ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் போதும்.

"சிட்டு! வெளிய வாடா!"

பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். மூலையில், துவைத்த விரிப்புகள் குவிந்த சக்கரவண்டி லேசாக அசைந்தது.

அக்கா பாய்ந்துபோய்த் துணிகளை விலக்கினாள். உள்ளே முழங்காலைக் கட்டிக்கொண்டு, வேர்வையில் குளித்து, முப்பத்தைந்து வயதுத் தம்பி. உதட்டின் மேல் விரல்.

"போக்கா! கெடுத்துட்ட. நான் சத்தமே போடல தெரியுமா?"

"எப்ப வந்து பூந்தான்னே தெரியல," முதலாளி சிரித்தார். "பாத்தீங்களா சார், கண்ணாமூச்சி! குழந்தை."

அதிகாரி குனிந்தார். நல்லவிதமாகத்தான் கேட்டார். "தம்பி, நீங்க இங்க வேலை பாக்கறீங்களா?"

சிட்டு முதலாளியைப் பார்த்தான்.

"இல்ல சார். சும்மா வருவேன் சார்."

சொல்லிக்கொண்டே வண்டியிலிருந்து இறங்கி, ஒரு விரிப்பை எடுத்து உதறினான்.

"அவன் கையைப் பாருங்க சார்!"

"பாக்கறேம்மா. ஆனா அவரே இல்லைங்கறாரு. நான் என்னன்னு எழுத?"

அக்கா பெண்கள் பக்கம் திரும்பினாள். "நீங்களாவது வாயைத் திறங்கடி!" ஒருத்தி மட்டும் நிமிர்ந்தாள். முதலாளியின் பார்வை பட்டதும் இஸ்திரிப் பெட்டியை அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தாள். "வாங்க சார், ஒரு டீ," என்று அவர் அதிகாரியை வெளியே தள்ளிக்கொண்டு போனார்.

சிட்டு அவள் காதருகே வந்தான். "கரெக்டா சொன்னேன்ல? மாத்திச் சொன்னா நாளைலேர்ந்து உள்ள விடமாட்டாராம்."

ஓடிப்போய் அதிகாரியிடம் இதைச் சொல்லலாம். அக்காவின் கால் ஒரு அடி நகரவும் செய்தது. நாளைக் காலை இவன் தலையைப் படிய வாரிக்கொண்டு, செருப்பை மாற்றி மாட்டிக்கொண்டு, பூட்டிய கேட்டுக்கு வெளியே வந்து நிற்பான். பொழுது சாயும்வரை நிற்பான்.

"இந்தாக்கா, பிடி."

இரட்டைக் கட்டில் விரிப்பு. ஓர் ஆளால் ஆகாது. இரண்டு முனைகளை அவள் கையில் திணித்துவிட்டு, மற்ற இரண்டைப் பிடித்தபடி அவன் பின்னோக்கி நடந்தான். வெள்ளைத்துணி இருவருக்கும் நடுவே எழும்பி, வாசலை மறைத்தது. அந்தப் பக்கம் அதிகாரியின் ஜீப் கிளம்பும் சத்தம்.

"இழுத்துப் பிடிக்கா. தொங்குது பாரு."