இருசம்மாளின் கால் பஞ்சாயத்து

லைட்ஹவுஸ் குப்பத்தில் கருவாடு போட்டு விற்கும் இருசம்மாளுக்கு இடது காலில், கட்டைவிரலுக்கு நேர் கீழே, புளியங்கொட்டை அளவில் ஒரு புண். சர்க்கரை வியாதி வேறு. மூன்று மாதமாகியும் ஆறவில்லை. இப்படியே போனால் விரலை எடுக்க வேண்டி வரலாம் என்று சுகாதார நிலையத்து டாக்டர் ஜமுனா சொல்லியிருந்தார். அதைக் கேட்டதிலிருந்து அவளுக்குப் பயம். பயம் வந்தால் இருசம்மாளுக்குக் கோபமும் கூடவே வரும்.

கவனிக்க ஆளுக்குக் குறைவில்லை. காலை ஊன்றவே கூடாது என்றார் டாக்டர். முழங்கால் வலிக்குப் பார்த்த பிசியோதெரபிஸ்ட் சிவசங்கர், தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொல்லிப் படம் போட்ட தாள் ஒன்றைக் கொடுத்திருந்தார். மருந்து கொடுக்கும் ஜெபசெல்வி, சர்க்கரை மாத்திரையைக் காலை ஆறு மணிக்கே போட்டுவிடச் சொன்னாள். குப்பத்துக்கே வந்து கட்டு மாற்றும் நர்ஸ் அமுதவல்லி, புண்ணில் தண்ணீர் படக்கூடாது என்றாள். யாரும் தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் அத்தனையையும் ஒரே உடம்பில் வைத்துக்கொண்டு இருசம்மாள்தான் திண்டாடினாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஷேர் ஆட்டோ பிடித்துப் போய், டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்திருக்கவில்லை. டாக்டரே வாசலுக்கு வந்து என்னவென்று கேட்டார்.

"நீ நடக்காதன்ற. அந்தத் தம்பி நடன்றாரு. நான் இன்னா பண்றது டாக்டரம்மா? நாலு பேரும் ஒண்ணா நின்னு ஒரே பேச்சா சொல்லுங்க. அப்பால உள்ள வரேன்."

வரிசையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். டாக்டருக்கு முகம் சுருங்கியது. இருந்தாலும் பக்கத்து அறையிலிருந்து சிவசங்கரை வரச் சொன்னார். அவர் கட்டைப் பார்த்துத் திடுக்கிட்டார். அந்தத் தாள் புண் வருவதற்கு முன்பு கொடுத்தது. புண் வந்த சேதியை அவருக்கு யாரும் சொல்லவில்லை. அப்படி ஒரு தாள் இருப்பதே டாக்டருக்குத் தெரியாது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஜெபசெல்வியையும் அமுதவல்லியையும் கூப்பிட்டு, இருசம்மாளை உள்ளே உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார்கள்.

சர்க்கரை முந்நூற்று நாற்பது. மாத்திரை போட்டும் ஏன் குறையவில்லை என்று டாக்டர் கேட்டபோது இருசம்மாள் சுவரைப் பார்த்தாள். சொல்லிடட்டுமா என்று அமுதவல்லி கண்ணாலேயே கேட்டாள். இருசம்மாள் சரியென்று தலையாட்ட, அமுதவல்லியே சொன்னாள்.

காலை ஆறு மணிக்குப் படகுகள் கரையேறும். ஏலத்தில் மீன் எடுத்து, கழுவி, உப்புப் போட்டு, பரப்பிவிட்டுச் சோற்றில் கை வைக்கப் பதினொரு மணியாகும். ஆறு மணிக்கு மாத்திரையைப் போட்டுவிட்டு அதுவரை பட்டினியாக இருந்ததில் ஒருநாள் மயங்கி மணலில் விழுந்திருக்கிறாள். அன்றிலிருந்து மாத்திரைகள் கடுகு டப்பாவுக்குள் போய்க்கொண்டிருந்தன.

ஜெபசெல்வி மருந்துச் சீட்டை வாங்கித் தான் எழுதிய நேரத்தைப் பார்த்தாள். பிறகு, "தப்பு என்னுதுதாம்மா. எப்ப சாப்பிடுவீங்கனு கேக்காமலே ஆறு மணினு எழுதிட்டேன்" என்றாள்.

"நானும் கேக்கல" என்றார் டாக்டர்.

அதற்குப்பின் வேலை மளமளவென்று நடந்தது. டாக்டர் மாத்திரையை மாற்றினார். அதை எப்போது போடுவது, அதற்கு முன் என்ன சாப்பிடுவது என்று ஜெபசெல்வி அவளுடைய நாளை மணிக்கணக்காகக் கேட்டு எழுதினாள். ஏலத்துக்குப் போகுமுன் இரண்டு இட்லி கட்டாயம். மீன் கழுவுவதைப் புண் ஆறும்வரை வீட்டுக்காரர் கங்காதரன் பார்த்துக்கொள்ள வேண்டும். அவரிடம் பேசுவது அமுதவல்லி பொறுப்பு. கொஞ்சமாவது நடக்காமல் முடியாது என்பதால் புண்மீது பாரம் விழாத செருப்பு வேண்டும். அந்த மெத்துச் செருப்பு வந்து சேர மூன்று வாரமாகும் என்றார் சிவசங்கர். அதுவரை என்ன செய்வது என்று யோசித்தபோது, இருசம்மாள் வீட்டுப் பின்னால் பழைய வலை மிதவைகள் ஒரு மூட்டை கிடப்பதாக அமுதவல்லி சொன்னாள்.

மறுநாள் சிவசங்கர் குப்பத்துக்கு வந்தார். மிதவைகளை அழுத்தி அழுத்திப் பார்த்து மிருதுவான ஒன்றைத் தேர்ந்தெடுத்து, சீவி, அகலமான செருப்பின்மேல் ஒட்டினார். புண் பதியும் இடத்தில் மட்டும் குழியாகத் தோண்டினார். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். இருசம்மாள் போட்டுக்கொண்டு நாலடி வைத்தாள். உயரமாகத் தெரிகிறேனா என்று கங்காதரனைக் கேட்டாள். அடுத்த முறை சுகாதார நிலையத்துக்குப் போனபோது டாக்டர் காலைச் சோதித்துப் பார்த்து, மெத்துச் செருப்பு வரும்வரை வீட்டுக்குள் நடக்க மட்டும் இது சரி என்று சொல்லியனுப்பினார்.

ஐந்தாவது வாரம் புண்ணின் ஓரம் இளஞ்சிவப்பானது. சர்க்கரை நூற்று அறுபதுக்கு இறங்கியது. செவ்வாய்க்கிழமைகளில் கூட்டம் சேருமுன் நால்வரும் பத்து நிமிடம் உட்கார்ந்து, சிக்கலான நோயாளிகளைப் பற்றிப் பேசுவது வழக்கமாகிவிட்டது. அடுத்த வீட்டு ராஜாத்தியின் ரத்த அழுத்தமும் அந்தப் பத்து நிமிடத்துக்குள் வந்து சேர்ந்தது.

ஒன்பதாவது வாரம் டாக்டர் அவள் காலை வெளிச்சத்தில் திருப்பி நெடுநேரம் பார்த்தார். புண் மூடியிருந்தது. விரலுக்கு இனி ஆபத்தில்லை, ஆனால் வெறுங்காலோடு மணலில் இறங்கக் கூடாது, தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும் என்றார்.

இருசம்மாள் குனிந்து அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பக்கத்தில் நின்ற அமுதவல்லியின் கையைப் பிடித்தாள்.

"நாளைக்குக் கட்டு மாத்த வராத. சாப்புட வா."