மருமகன் எழும்பிய வீடு

செட்டிபாளையத்தில் கண்ணகையின் வீட்டு வாசலில் உதயரூபனின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றால் வீடே எழும்பும். மகள் சுலோஜனா தேநீரோடு ஓடி வருவாள். கண்ணகை மின்விசிறியைப் போட்டு, சாய்மனைக் கதிரையைத் துடைத்து, “இரிங்க தம்பி” என்பாள். மருமகன் அதில் உட்கார்ந்து இருப்பார். அதன்பிறகு படுக்கப் போகும்வரை அவர் எழும்பத் தேவையே வராது.

கலியாணம் முடித்துப் பெண் வீட்டோடு வந்து சேருகிற மாப்பிள்ளையைத் தாங்குவதில் அந்தப் பக்கத்து மாமிமார் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் அல்லர். கண்ணகையோ அவர்கள் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டவள். தன் மருமகன் ஒரு கோப்பைத் தண்ணீரைக்கூடத் தன் கையால் வார்த்துக் குடித்ததில்லை என்று கோயில் வீதியில் நின்று பெருமை பேசுவாள். சாப்பிட்ட கையையும் கதிரையிலேயே கழுவ வைப்பாள். பகல் முழுக்க மட்டக்களப்பில் வங்கி மேசைக்குப் பின்னால் இருந்துவிட்டு வருகிற மனிதர், வீட்டுக்கு வந்தும் இருந்தார். இரண்டுக்கும் இடையில் மோட்டார் சைக்கிளிலும் இருந்தார்.

அவருக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, என்று தெரிந்ததும் கவனிப்பு இரட்டிப்பானது. குரக்கன் பிட்டு, பாகற்காய், சீனி போடாத தேநீர் என்று கண்ணகை பார்த்துப் பார்த்துக் கொடுத்தாள். வாயைக் கட்டினால் வருத்தம் அடங்கிவிடும் என்பது அவள் நம்பிக்கை. “வருத்தக்கார மனிசன், அலையவிடாத கா” என்று மகளை அதட்டவும் தவறவில்லை.

மோட்டார் சைக்கிள் பழுதாகிக் கிடந்த ஒரு பின்னேரம், மீன் வாங்க வாவிக்கரைக்கு நடந்து புறப்பட்டார் உதயரூபன். பாதி வழியில் மதகடியில் நின்றுவிட்டார். கெண்டைக்கால் இறுகிப் பிடித்து வலித்தது. நின்றால் வலி விட்டது, நடந்தால் திரும்ப வந்தது. மீன் இல்லாமல் நொண்டிக்கொண்டு வந்த மருமகனைக் கண்ணகை ஓடிப்போய்க் கைத்தாங்கலாகக் கதிரையில் இருத்தினாள். மறுநாளே மகளையும் கூட்டிக்கொண்டு அவரோடு கிளினிக்குக்குப் போனாள்.

பாதங்களைத் தொட்டு நாடி பார்த்த டொக்டர் அம்மாவின் முகத்தில் சிரிப்பில்லை. கால் இரண்டும் குளிர்ந்து கிடந்தன.

“சாப்பாட்டில பிழை இல்ல. ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் கதிரையில இருந்தபடி இருப்பீங்க?”

உதயரூபன் யோசித்தார். கண்ணகை முந்திக்கொண்டாள். “நான் இருக்கக்குள்ள அவர் என்னத்துக்கு டொக்டர் எழும்பணும்? எல்லாம் கைக்குக் கொண்டு குடுக்கிறன்.”

“அதுதானம்மா பிரச்சின. சீனி வருத்தம் ரத்தக்குழாயைப் பழுதாக்கும். அதோட மணிக்கணக்கா இருந்தா காலுக்குப் போற ரத்தமும் மந்தமாகும், தேவைக்கு ஏத்தமாதிரி குழாய் விரியிறதும் குறையும். இப்பிடியே விட்டா நாளைக்குக் காலில ஒரு சின்னக் காயம் வந்தாலும் ஆறாது. காலையே எடுக்க வேண்டி வரலாம்.”

கண்ணகை குனிந்து மருமகனின் கால்களைப் பார்த்தாள். அவள் புருசன் சாமித்தம்பிக்கும் சீனி வருத்தம்தான். அவரையும் அதே கதிரையில்தான் இருத்தி வைத்திருந்தாள். பெருவிரலில் வந்த காயம் ஆறாமல், முழங்காலோடு காலை எடுத்தார்கள். அதன்பிறகு அவர் கட்டிலை விட்டு இறங்காமலே போய்ச் சேர்ந்தார். எல்லாம் தலைவிதி என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

“நான் என்ன செய்யணும் டொக்டர்?” என்று கேட்டாள்.

“மருந்தை ஒழுங்காக் குடிக்கட்டும். அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா எழும்பிக் கொஞ்ச நேரம் நடக்கட்டும். செருப்பில்லாம நடக்க வேண்டாம். கால் வலிச்சா நிண்டு ஆறிப்போட்டு நடக்கட்டும். நீங்க செய்ய வேண்டியது ஒண்டுதான், அவர எழும்ப விடுங்க.”

அன்று பின்னேரமே கண்ணகை வேலையில் இறங்கினாள். சாய்மனைக் கதிரை கொட்டிலுக்குப் போனது. தண்ணீர்ப் பானை சமையல்கட்டுக்கு, குசினியின் கடைசி மூலைக்குப் போனது. ரீவி ரிமோட் உள்ளறை அலுமாரிக்குள் குடியேறியது.

“மாமி, தண்ணி?”

கண்ணகையின் கால்கள் பழக்கத்தில் பாய்ந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். “குசினியில கிடக்கு தம்பி.”

சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய் அழுதாள். மருமகனுக்குத் தண்ணீர் கொடுக்காத பாவி என்று நாலு பேர் சொல்வார்களே என்ற அழுகை அது. உதயரூபனும் முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஆனால் ஒவ்வொரு தரம் எழும்பும்போதும் சுவரில் மாட்டியிருந்த சாமித்தம்பியின் படம் கண்ணில் பட்டது. பிறகு அவர் முறுமுறுக்கவில்லை. வங்கியிலும் பைல்களைத் தானே எழும்பிக் கொண்டுபோய்க் கொடுத்தார். வீட்டில் செருப்பைப் போட்டுக்கொண்டு கிணற்றில் தண்ணீர் அள்ளினார். நடை கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது.

சில மாதம் கழித்து, கண்ணகை பின்னால் வர, வாவிக்கரைக்கு நடந்தார். மதகு வந்தது. மதகு போனது. கதை பேசிக்கொண்டு போன மருமகன் அதைக் கவனிக்கவே இல்லை. கண்ணகைதான் மதகடியில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

அடுத்த வருசம் சாமித்தம்பியின் திவசத்துக்கு உதயரூபனின் அக்கா யோகமலர் புருசனோடு வந்திருந்தாள். கிணற்றடியில் தம்பி தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்ததைக் கண்டதும் அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

“என்ன மாமி இது? நாங்க உங்களுக்கு மருமகனைத் தந்தமா, வேலைக்காரனைத் தந்தமா?”

சமையல் செய்துகொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். சுலோஜனாவின் முகம் வாடிப்போனது. எந்தச் சொல்லுக்குப் பயந்து கண்ணகை ஆரம்பத்தில் அழுதாளோ, அந்தச் சொல் வந்தேவிட்டது. அவள் அகப்பையைக் கீழே வைத்தாள்.

“ஓம் பிள்ள, நான்தான் அள்ள வைச்சன். உங்கட மாமாவையும் எழும்ப விடாமத்தான் பார்த்தன். ஆசுபத்திரியில அவர்ர காலை எடுக்கக்குள்ளயும், நான் ஒரு குறையும் வைக்கல்ல எண்டுதான் நினைச்சன். சீனி வருத்தக்காரர இருத்தி வைச்சுச் சேவகம் செய்யிறது மரியாத இல்ல, அது அவர்ர ரத்தக்குழாயக் கெடுக்கிற வேல. எழுப்பி நடக்க விடுறதுதான் மரியாத. உங்கட தம்பிர ரெண்டு காலும் எனக்கு வேணும்!”

உதயரூபன் வாளியை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார். “அக்கா, போன வருசம் மதகடி தாண்ட ஏலாம நிண்டவன் நான். இப்ப வாவிக்கரைக்குப் போய்த் திரும்பி வாறன், ஒரு இடத்திலயும் நிக்கிறல்ல.”

யோகமலர் தம்பியின் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாக, “எங்கட அவருக்கும் சீனி இருக்கு மாமி” என்றாள்.

அந்த நேரம் பார்த்து முன்மண்டபத்திலிருந்து அவள் புருசனின் குரல் வந்தது. “ஆர் அங்க? கொஞ்சம் தண்ணி கொண்டு வாங்க!”

யோகமலர் செம்பை எடுக்கப் போனாள். போன கை பாதியில் நின்றது. கண்ணகையைப் பார்த்தாள், தொண்டையைச் செருமினாள்.

“பானை குசினியில கிடக்கு! எழும்பி வந்து குடியுங்க!”

முன்மண்டபத்தில் ஒரு கதிரை பின்னால் நகர்கிற சத்தம் கேட்டது.