முதல் பிடி மண்

அப்பா இறந்த செய்தி கேட்டு துபாயில் விமானம் ஏறிய பூபாலன், நாலு மணி நேரத்தில் சென்னையில் இறங்கிவிட்டான். ஜவ்வாது மலை அடிவாரத்தில்தான் மாட்டிக்கொண்டான். மேலே போகும் ஒரே பஸ் அன்றைக்கு வரவில்லை. நடந்தே ஏறி ஊர் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. அவன் போட வேண்டிய முதல் பிடி மண்ணைச் சித்தப்பா போட்டிருந்தார்.

“ஏரோப்ளேன் லேட்டாப்பா?” என்று அம்மா அழுதாள்.

அவன் வாய் திறப்பதற்குள், மாலையோடு ஜீப்பில் வந்திருந்த கட்சிக்காரர் தோளைத் தட்டினார். “கவலப்படாத தம்பி. வேலூர்லயே ஏர்போர்ட்டு வரப்போவுது.”

பூபாலன் அந்தக் கையைத் தள்ளிவிட்டான்.

“கடல் தாண்டி வந்துட்டேங்க. இந்த மலை ஏறத்தான் வழியில்ல. ஏர்போர்ட்ட வச்சி நாங்க இன்னா பண்றது? ஒரு பஸ்ஸ ஒழுங்கா வுடுங்க. எங்கம்மாவுக்காவது மொத மண்ண நான் போடணும்.”