பிரேக் இல்லாத காரை இழுத்துப் போன கதை

"ஓடாத வண்டிக்கு என்ன சட்டம்?" என்று அப்பா கேட்டார். கேட்டுவிட்டு, மகள் முகத்தைப் பார்க்காமல் காரின் முன்பக்க வளையத்தில் நைலான் கயிற்றைக் கட்ட ஆரம்பித்தார்.

அப்பா வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்த அந்தப் பழைய டாக்சி மழைக்காலம் முழுக்க வாசலிலேயே நின்றது. பிரேக் செத்துப்போய், சாலையில் ஓடத் தகுதியில்லை என்று சான்றிதழும் மறுக்கப்பட்ட வண்டி. நாளை தெருவுக்குத் தார் போட வருகிறார்கள், எடுத்தே ஆகவேண்டும். திங்கட்கிழமையிலிருந்து அப்பாவுக்குப் பள்ளிப் பேருந்து ஓட்டும் வேலை. வாழ்க்கையில் முதல் மாதச் சம்பளம். பள்ளிக்காரர்கள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: லைசென்ஸில் ஒரு வழக்கும் இருக்கக் கூடாது.

"கயித்துல இழுக்கக் கூடாதுப்பா. பிரேக் இல்லாத வண்டியை இரும்புக் கம்பியிலதான் இழுக்கணும். ஸ்டியரிங் பிடிக்கிறவருக்கு லைசென்ஸ் வேணும். பின்னாடி பலகை மாட்டணும். வேற யாரும் உள்ள இருக்கக் கூடாது. நேத்துதான் விதியைத் தேடிப் படிச்சேன்."

சரக்கு வேன் வைத்திருக்கும் மாமா, அம்மாவின் தம்பி, சிரித்தார். "நம்ம வம்சத்துலயே ஒருத்தி காலேஜ் வாசலை மிதிச்சா. இனி தும்முறதுக்கும் சட்டம் சொல்லுவா, மச்சான்."

"நல்லா தும்முங்க மாமா. பிடிச்சா உங்க லைசென்ஸும் சேர்ந்துதான் போகும்."

"பட்டறை கூப்பிடு தூரம்தானே. பார்த்துக்கலாம் பாப்பா," என்றார் அப்பா.

அந்தச் சொல்தான் அவளுக்கு ஆகாது. விண்ணப்பிக்கக் கடைசித் தேதி எது என்று யாரையும் கேட்காமல், பார்த்துக்கலாம் என்று விட்டதில்தான் அவள் கல்லூரியில் சேருவதே ஒரு வருடம் தள்ளிப்போனது. படிக்காதது இந்த வீட்டின் குற்றமில்லை. கேட்காமலே இருப்பதுதான் குற்றம் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேராகப் போய் வேனுக்கு முன்னால் தெருவிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"எந்திரி. தெருவே பார்க்குது," என்றார் அப்பா.

"பார்க்கட்டும்."

அம்மா கதவோரம் வந்து நின்றாள். "அவ எந்திரிக்க மாட்டா. பெத்தவ சொல்றேன். டேய், பட்டறையில அந்தக் கம்பியைக் கேட்டு வாங்கிட்டு வா."

மாமா முணுமுணுத்துக்கொண்டே போய்க் கம்பியோடு வந்தார். அதற்குள் காரின் பின்சீட்டில் அத்தை, அப்பாவின் அக்கா, தையல் மெஷினோடு ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"சும்மா போற வண்டிதானே? பட்டறைக்குப் பக்கத்துலதான் மெஷின் ரிப்பேர் பார்க்குறவன் இருக்கான்."

"இறங்குங்க அத்தை."

"நான் என்ன கனமா கனக்கப்போறேன்?"

"இறங்குங்க."

அத்தை இறங்கினாள். மெஷின் மட்டும் வேனுக்கு மாறியது. உடைந்த அலமாரிப் பலகையில் 'பழுதான வண்டி, இழுத்துச் செல்லப்படுகிறது' என்று சுண்ணாம்பால் எழுதி மாட்டினாள். "இதை நம்ம குடும்பத்துக்கே மாட்டலாம்," என்றார் மாமா. அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

காரில் அப்பா மட்டும். வேனில் மாமா பக்கத்தில் அவள். ஆமை வேகம். பின்னால் வந்தவர்களெல்லாம் ஹாரனால் திட்டினார்கள். சந்தைக்கு முன்னால் சாலை இறங்குகிற இடத்தில் போக்குவரத்துக் காவலர் ஒருவர் கையை நீட்டினார். மாமா சட்டென்று பிரேக் போட்டார்.

பின்னால் 'ணங்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். அவள் தலையை வெளியே நீட்டிப் பார்த்தாள். கம்பி கம்பியாகவே இருந்தது. காருக்கும் வேனுக்கும் நடுவே இடைவெளி கொஞ்சமும் குறையவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் அப்பாவின் முகம் மட்டும் வெளுத்திருந்தது.

காவலர் ஒரு சுற்று சுற்றி வந்தார். பலகையைப் படித்தார். கம்பியை ஷூவால் தட்டிப் பார்த்தார். பின்சீட்டை எட்டிப் பார்த்தார். "லைசென்ஸ்?"

அப்பா நீட்டினார். அதை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்க போகுது?"

"பட்டறைக்குங்க."

"ஓரமாவே போங்க." லைசென்ஸ் அப்பாவின் கைக்குத் திரும்பியது.

பட்டறையில் கம்பியைக் கழற்றிய பிறகும் அப்பா இறங்கவில்லை. அவள் போய்க் கதவைத் திறந்தாள்.

"இரு. கால் உதறுது," என்றார். "அந்தப் போலீஸ்காரர் கையை நீட்டினாரா, சவாரின்னு நினைச்சு பிரேக்கை மிதிச்சுட்டேன். பழக்கதோஷம். அடிவரைக்கும் போச்சு பாப்பா, ஒண்ணுமே பிடிக்கலை. இறக்கம் வேற. கயிறா இருந்திருந்தா நேரா உங்க முதுகுலதான் வந்திருப்பேன்."

மாமா கம்பியைத் துடைத்துப் பட்டறைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தார்.

நான் சொன்னேன்ல என்று கேட்க அவள் வாய்வரை வந்தது. காலையிலிருந்து கூர்தீட்டி வைத்திருந்த வார்த்தை. அப்பா இன்னும் ஸ்டியரிங்கை விடாமல் பிடித்திருப்பதைப் பார்த்ததும் அது எங்கே போனதென்றே தெரியவில்லை. பழைய டயர் ஒன்றை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அப்பா லைசென்ஸ் இருந்த சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "திங்கக்கிழமை எத்தனை மணிக்கு வரச் சொன்னாங்க?"

அவருக்குத் தெரியாததில்லை. அவள் சொல்லிக் கேட்கவேண்டும், அவ்வளவுதான்.

"ஆறு மணிக்குப்பா."

"அஞ்சரைக்கே போயிடுறேன்," என்றார்.