நெக்குலாய் இன்னும் பயிற்சியை முடிக்கவில்லை

1

இந்தக் கதை என் மனத்தில் தானாக முளைத்ததல்ல. எழுதித் தரச் சொன்னார்கள்.

எங்கள் நிறுவனம் ஆண்டுதோறும் வழவழப்பான தாளில் ஒரு பொறுப்பறிக்கை வெளியிடும். மரம் நட்டது, தண்ணீர் சேமித்தது, ஊழியர் நலம் பேணியது எல்லாம் அதில் இருக்கும். நடுவில் ஒரு பக்கம் ‘மனிதக் கதை’க்கு. இந்த ஆண்டு அந்தப் பக்கம் யாஷ் நகரிலுள்ள எங்கள் அலுவலகத்துக்கு என்று முடிவாகி, இங்கே செய்திமடல் எழுதுகிற என்னிடம் வந்தது. ராட்டர்டாம் தலைமையகத்தின் அஞ்சலில் இரண்டே நிபந்தனைகள்: நெகிழ்ச்சியாக இருக்க வேண்டும். யாரும் இறக்கக் கூடாது.

இரண்டாவதை மீறித்தான் தொடங்க வேண்டியிருக்கிறது.

முதலில் இப்படி எழுதினேன்: “யாஷ் நகரில், மூன்றாம் மாடியில், ஒரு காப்பி இயந்திரம் அழுதுகொண்டிருந்தது.” அடித்துவிட்டேன். இயந்திரம் அழாது. அது ஒழுகிக்கொண்டிருந்தது.

பிறகு: “மரணம் என்பது” — வேண்டாம். அப்படித் தொடங்குகிறவர்களை நான் படிப்பதில்லை.

மூன்றாவது நிற்கட்டும்: நெக்குலாய் செத்துப்போனது எங்கள் நிறுவனத்தைத் தவிர எல்லாருக்கும் தெரியும்.

2

நெக்குலாய் எங்கள் ஊழியர் அல்ல. மூன்றாம் மாடியில் காப்பியும் பிஸ்கட்டும் தருகிற இயந்திரம் அவருடையது. ஒப்பந்தம் அவர் பெயரில். நிறுவனமும் அவரே, முதலாளியும் அவரே, பால்பொடி மூட்டையைத் தூக்கி வருகிறவரும் அவரே. மனைவி போய்ச் சேர்ந்து பல வருஷம். பிள்ளைகள் இல்லை. காலையில் வந்து இயந்திரத்தைத் திறந்தபடியே மாடி முழுக்கக் கேட்கக் கத்துவார்:

“நாலாம் நம்பரை யாரும் அமுக்காதீங்க! இன்னைக்கு அது காப்பியும் இல்ல, சூப்பும் இல்ல, நடுவுல ஏதோ ஒண்ணு!”

இயந்திரம் காசை விழுங்கிக்கொண்டு எதுவும் தராமல் நின்றால் என்ன செய்வது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். வலது பக்கம், கீழே, தகடு நெளிந்த இடத்தில் கால் முட்டியால் ஒரு இடி. காசு போட்டாலும் போடாவிட்டாலும் தந்துவிடும். சொந்த இயந்திரத்தை ஏமாற்றும் வழியைச் சொந்த வாடிக்கையாளருக்குக் கற்றுக்கொடுத்த வியாபாரியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இனி ஸ்மரந்தா. விலைப்பட்டியல்களைச் சரிபார்க்கும் பிரிவில் இருக்கிறாள். நெக்குலாய் தாமதமாக வரும் நாட்களில் இயந்திரத்தைத் திறக்க அவளிடம் ஒரு சாவி கொடுத்து வைத்திருந்தார். அவர் இறந்த ஒன்பதாம் நாள், அவருக்காகக் கோதுமை வேகவைத்து, சர்க்கரையும் வால்நட்டும் எலுமிச்சைத் தோலும் சேர்த்துக் கொலிவா செய்து, கோயிலில் பாதிரியாரிடம் ஆசி வாங்கி, சின்னச் சின்னக் கப்புகளில் அலுவலகத்துக்குக் கொண்டுவந்தாள். வாங்கியவர்கள் எங்கள் வழக்கப்படி “போக்தாப்ரோஸ்தே” என்றார்கள். கடவுள் அவரை மன்னிக்கட்டும் என்று பொருள். அந்தச் சொல்லைச் சொன்னால்தான், இங்கே நாம் தின்றது அங்கே அவருக்குப் போய்ச் சேரும்.

இந்த இடத்தில் என் பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் வந்தது. எந்த உறவுமில்லாத காப்பிக்காரருக்குப் படையல் போடுகிற பெண்ணை யார் நம்புவார்கள்? ஆகவே இதையும் சொல்லிவிடுகிறேன்: ஸ்மரந்தா அடுத்தவர் நாற்காலியைத் திருடுவாள். மாடியில் எது நல்ல நாற்காலியோ அது மதியத்துக்குள் அவள் மேசைக்குப் போய்விடும். கேட்டால், “உன் பேரு எழுதியிருக்கா?” என்பாள். நான் இதை எழுதுவது கால் ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்து.

[நெக்குலாய் இறந்த வாரம், நிறுவனத்தின் நலச்செயலி தினமும் கேட்கும் “இன்று எப்படி இருக்கிறீர்கள்?” என்ற கேள்விக்கு அவள் அழுகிற முகத்தை அமுக்கினாள். மூச்சுப்பயிற்சி ஒன்றை அனுப்பினார்கள். இரண்டாவது முறை அமுக்கினாள். ஒரு மூங்கில் செடி வந்தது. துக்க விடுப்பு கேட்டாள். “இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு?” என்ற பட்டியலில் ‘காப்பி’ இல்லை.]

3

தவறு எங்கள் பக்கமும் உண்டு. அதை மறைத்தால் கதை பொய்யாகிவிடும். புனைவதற்கு எனக்கு அனுமதி உண்டு. பொய் சொல்ல இல்லை.

அநியாயம் கண்டால் பெயர் சொல்லாமல் புகார் செய்ய நிறுவனம் ஒரு தளம் வைத்திருக்கிறது. யாஷிலிருந்து அதற்கு ஒரு புகார்கூடப் போனதில்லை. தலைமையகம் கவலைப்பட்டது. புகாரே இல்லாத அலுவலகம் பயந்து கிடக்கிற அலுவலகம் என்று ஒரு ஆய்வு சொல்கிறதாம். மாத முடிவுக்குள் ஒரு புகாராவது வராவிட்டால், எங்கள் பயத்தைப் போக்க ஆட்களை அனுப்புவார்கள். இதைக் கேட்டதும் எங்களுக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது.

காப்பி இயந்திரத்தின் முன்னால் கூடினோம். எங்கள் அலுவலகத்தின் நெறிமுறை அதிகாரி ரரேஷ் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். நல்லவன். ஞாயிறுதோறும் கோயிலில் பாடுகிறவன்.

“ஏதாவது ஒண்ணு சொல்லுங்கப்பா. சின்னதா இருந்தாப் போதும்.”

“ஸ்மரந்தா நாற்காலி திருடுறா,” என்றாள் லியோன்டினா. சம்பளப் பிரிவில் மூத்தவள், வாய்க்குப் பூட்டில்லாதவள்.

“அது சொத்துத் திருட்டுக்கா. போலீஸ் வரைக்கும் போயிடும். யாருக்கும் ஒண்ணும் ஆகாத மாதிரி சொல்லுங்க.”

“அப்ப நல்ல காரியம் எதையாவது புகார் பண்ணுவோம். நல்ல காரியத்துக்கு யாருப்பா தண்டனை கொடுப்பாங்க?”

எல்லோரும் யோசித்தோம். அலுவலகத்தில் அண்மையில் நடந்த நல்ல காரியம் ஒன்றே ஒன்றுதான்.

“என் கொலிவாவைப் போட்டுக்கோங்க,” என்றாள் ஸ்மரந்தா. “வெந்த கோதுமைக்கு என்னை என்ன தூக்குலயா போடப் போறாங்க?”

ரரேஷ் தட்டச்சு செய்தான்: ‘ஊழியர் ஸ்மரந்தா, விற்பனையாளர் ஒருவரின் பொருட்டு, சக ஊழியர்களுக்கு இனிப்பு வழங்கினார்.’ எல்லோரும் படித்துப் பார்த்தோம். ஒரு சொல்லும் பொய்யில்லை. அனுப்பிவிட்டு, நிம்மதியாக ஆளுக்கொரு காப்பி குடித்தோம்.

4

பத்தே நிமிடத்தில் பதில் வந்தது. விற்பனையாளர் பொருட்டு எது கைமாறினாலும் அது லஞ்சமாக இருக்கலாமாம்; லஞ்சத் தடுப்பு விசாரணை தொடங்கிவிட்டது. அது முடியும்வரை ஸ்மரந்தா அலுவலகத்தில் யாருக்கும் எந்த உணவும் தரக் கூடாது. மீறினால் வேலை போகும். புகாரைத் திரும்பப் பெறவும் முடியாது. யாரோ மிரட்டித்தான் திரும்பப் பெறுகிறார்கள் என்று வைத்துக்கொள்வார்களாம்.

சிரித்திருப்போம். ஆனால் நாற்பதாம் நாள் வந்துகொண்டிருந்தது. அதுவரை ஆத்மா இங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும், அன்றைக்குத்தான் புறப்படும், வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்பது எங்கள் நம்பிக்கை. நெக்குலாயை வழியனுப்ப அவர் காப்பியைக் குடித்தவர்களைத் தவிர யாரும் கிடையாது.

ராட்டர்டாமிலிருந்து மார்லீஸ் என்ற அம்மையார் காணொளியில் விசாரித்தார். வில்லியாக எழுதினால் கதைக்கு நல்லது. ஆனால் அவருக்குப் பின்னால் தெரிந்த அலமாரியில் ஒரு வாடிய செடி இருந்தது. அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார். அப்படிப்பட்டவரை வில்லியாக்க என் கை வரவில்லை.

“சாப்பிட்டது யாரும்மா?”

“மாடியில எல்லாரும், மேடம்.”

“அப்ப பரிசு அவங்களுக்கு.”

“இல்ல மேடம். சாப்பிட்டது அவங்க. போய்ச் சேர்ந்தது நெக்குலாய் அண்ணனுக்கு.”

“எப்படிப் போய்ச் சேர்ந்துச்சு? கூரியரா?”

“ஒரு சொல்லுல போயிடும், மேடம்.”

மார்லீஸ் எதையோ குறித்துக்கொண்டார். “சரி, கடைசியில பெறுபவர் நெக்குலாய். இப்ப அவர் எங்க இருக்கார்?”

ஸ்மரந்தா ரரேஷைப் பார்த்தாள். ரரேஷ் கூரையைப் பார்த்தான்.

“இன்னும் இங்கதான் எங்கயோ சுத்திட்டிருப்பார், மேடம்,” என்றாள் ஸ்மரந்தா. “நாப்பதாம் நாளுக்கு அப்புறம் போயிடுவார்.”

“ஆமாம், இங்கயும் அவர் நடப்பு விற்பனையாளர்னுதான் காட்டுது. ஒப்பந்தம் தானாவே புதுப்பிச்சுக்கிட்டிருக்கு. ஆனா விற்பனையாளர் எல்லாரும் எடுக்க வேண்டிய நெறிமுறைப் பயிற்சியை அவர் இன்னும் முடிக்கலையே. மூணு நினைவூட்டல் போயிருக்கு.”

“மேடம், அவர் செத்துட்டார்.”

“ஐயோ, வருத்தமா இருக்கும்மா. எப்ப?”

“இதெல்லாம் தொடங்குறதுக்கு முன்னாடியே.”

மார்லீஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இறப்பைப் பதிய உறவினர் ஒருவரின் கையெழுத்து வேண்டும், விசாரணையைத் தனியாளாக மூடவும் தனக்கு அதிகாரமில்லை, மேலே கேட்டுவிட்டு வெள்ளிக்கிழமை கூப்பிடுகிறேன் என்றார்.

வெள்ளிக்கிழமைதான் நாற்பதாம் நாள்.

5

நான் யோசித்த முடிவுகளைக் கீழே தருகிறேன்.

முதல் முடிவு. நிறுவனத்தின் தலைவர் விமானம் ஏறி வருகிறார், ஒரு கப் கொலிவா தின்கிறார், கண்கலங்கி — இதைத் தலைமையகம் உடனே அச்சிடும். அதனாலேயே அடித்துவிட்டேன்.

இரண்டாவது. ஸ்மரந்தா துணிந்து கொடுக்கிறாள், வேலை போகிறது. நீங்கள் கோபப்படுவீர்கள், எனக்குப் பெயர் கிடைக்கும். அவளுக்கு வீட்டு வாடகை இருக்கிறது. ஒரு முடிவுக்காக ஒருத்தியைத் தெருவில் நிறுத்த எனக்கு மனமில்லை.

மூன்றாவதை ரரேஷ் விதிப்புத்தகத்தில் கண்டுபிடித்தான்.

“கழிவுன்னு போட்டுடலாம்! மீந்துபோன உணவை யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம்னு சுற்றுச்சூழல் விதி இருக்கு. ‘கழிவு’ன்னு ஒரு சீட்டு ஒட்டி மேசையில வெச்சுட்டா முடிஞ்சுது.”

ஸ்மரந்தாவின் முகம் மாறியது. “கோயில்ல வெச்சுக் கும்பிட்டுக் கொண்டாந்ததைக் குப்பைன்னு எழுதச் சொல்றியா? பாட்டுப் பாடுற வாயாடா இது?”

ரரேஷ் காது சிவக்கப் புத்தகத்தை மூடினான். அந்த முடிவும் போயிற்று. கதை இங்கேயே நின்றுவிடும் என்று நினைத்துப் பேனாவை மூடி

வைக்கவில்லை. லியோன்டினா காப்பிக்குக் காசு போட்டாள். இயந்திரம் விழுங்கிக்கொண்டது. பழக்கதோஷத்தில் முட்டியால் ஒரு இடி இடித்தாள். காப்பி வந்தது. கப்பைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றாள்.

“டேய் ரரேஷ், அவரு ஒப்பந்தம் இன்னும் உயிரோட இருக்குல்ல?”

“இருக்குக்கா.”

“அப்ப அவரு இயந்திரத்துல அவரு என்ன வேணும்னாலும் நிரப்பலாம்ல?”

“நிரப்பலாம். வேற ஆளை விட்டும் நிரப்பலாம். சாவி கொடுத்திருந்தா...”

எல்லோரும் ஸ்மரந்தாவைப் பார்த்தோம். அவள் கழுத்துச் சங்கிலியில், சிலுவைக்குப் பக்கத்தில், அந்தச் சாவி தொங்கிக்கொண்டிருந்தது.

“ஆனா காசு வாங்கிட்டுக் கொடுத்தா அது படையலே இல்லையே,” என்றாள் மெல்ல.

“அதுக்குத்தான்டி அந்த மனுஷன் முட்டியைச் சொல்லிக்கொடுத்துட்டுப் போயிருக்கான்.”

6

வெள்ளிக்கிழமை. இயந்திரத்தின் கண்ணாடிக்குப் பின்னால், பிஸ்கட் இருந்த இடத்தில், வரிசையாகக் கொலிவாக் கப்புகள். நாலாம் நம்பரில்கூட.

ஒவ்வொருவராகப் போனார்கள். தகடு நெளிந்த இடம் கீழே இருப்பதால், குனிந்து முட்டியை மடக்கினால்தான் இடிக்க முடியும். கணக்கர்கள், கணினிக்காரர்கள், போன மாதம் சேர்ந்து நெக்குலாயைப் பார்த்தே இராத பெண் ஒருத்தி என எல்லோரும் இயந்திரத்தின் முன் முட்டி மடக்கி, கப்பை எடுத்து, அந்தச் சொல்லைச் சொன்னார்கள். கோயிலில் அவ்வளவு ஒழுங்கான வரிசையை நான் பார்த்ததில்லை.

அந்த நேரத்தில் மார்லீஸின் அழைப்பு. ரரேஷ் கணினியைத் திருப்ப மறந்துவிட்டான்.

“பின்னால எல்லாரும் என்ன பண்றாங்க?”

ரரேஷுக்குப் பொய் வராது. “விற்பனையாளர் இயந்திரத்தை நிரப்பியிருக்கார், மேடம்.”

“எந்த விற்பனையாளர்?”

“பயிற்சியை முடிக்காதவர்.”

மார்லீஸ் பார்த்துக்கொண்டே இருந்தார். ஸ்மரந்தாவின் முறை வந்தது. அவள் முட்டி மடக்கினாள். கப் விழவில்லை. இன்னொரு இடி. விழவில்லை. “அண்ணே, எனக்கு மட்டும் ஏன்ணே இப்படிப் பண்றே? நாற்காலியெல்லாம் திருப்பிக் கொடுத்துடறேன்ணே,” என்று தகட்டில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். கப் விழுந்தது.

[இது அப்படியே நடந்தது. நாற்காலி இன்னும் திரும்பி வரவில்லை.]

“மேலே கேட்டேன். உறவினர் கையெழுத்து வேணாமாம், முடிவை என்கிட்டயே விட்டுட்டாங்க,” என்றார் மார்லீஸ். “என் திரையில ரெண்டு பொத்தான் இருக்கு, ரரேஷ். ‘இறந்துவிட்டார்’னு அமுக்கினா ஒப்பந்தம் முடியும், இயந்திரத்தை எடுத்துடுவாங்க. இன்னைக்கு நடந்தது ஸ்மரந்தா கொடுத்ததா ஆகிடும், அவங்க வேலை போகும். ‘பயிற்சியை முடித்துவிட்டார்’னு அமுக்கினா விசாரணை மூடிடும். ஆனா அது பொய்யாச்சே.” பிறகு குரலைத் தாழ்த்தி, “நெறிமுறைன்னா என்னன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்குமா?” என்று கேட்டார்.

ரரேஷ் திரும்பி வரிசையைப் பார்த்தான். “அதுல எங்களுக்கே அவர்தான் பயிற்சி கொடுத்தார், மேடம்.”

7

மார்லீஸ் இன்னும் எதையும் அமுக்கவில்லை. இயந்திரம் நிற்கிறது, ஒழுகுகிறது. ஸ்மரந்தா காலையில் வந்ததும் முதலில் தன் கணினிக்குள் நுழைய முடிகிறதா என்று பார்க்கிறாள். முடிந்தால் சிலுவைக் குறி போட்டுக்கொள்கிறாள்.

எந்தப் பொத்தான் என்று நான் எழுதப் போவதில்லை. பொய்க்கும் இரக்கத்துக்கும் நடுவில் ஒரு பொத்தான்தான் இடைவெளி என்றால், அங்கே விரலை வைக்க எனக்குத் தைரியமில்லை. மார்லீஸின் நாற்காலியில் கொஞ்ச நேரம் நீங்கள் உட்காருங்கள். எங்களுடையதைவிட நல்ல நாற்காலியாகத்தான் இருக்கும்.

அறிக்கைக்கு இதை அனுப்பினேன். திரும்பி வந்தது. இறந்தவரின் பெயரை அச்சிட அவருடைய ஒப்புதல் வேண்டுமாம். பெயரை எடுத்துவிட்டு ‘ஒரு விற்பனையாளர்’ என்று போடலாமா என்று கேட்டார்கள். பெயரில்லாமல் வேண்டிக்கொண்டால் அது யாருக்குப் போய்ச் சேரும்? ஆகவே உங்களிடம் கொண்டுவந்தேன். காசு வேண்டாம். முட்டியும் மடக்க வேண்டாம்.

ஆனால் ஒன்று. கொடுத்ததை வாங்கிக்கொண்டீர்கள். கடைசிக் கோதுமைவரை வந்துவிட்டீர்கள். அவர் பெயர் நெக்குலாய். வாங்கியவர்கள் சொல்ல வேண்டிய சொல் எதுவென்று உங்களுக்குத் தெரியும்.

நான் காத்திருக்கிறேன்.