ஏரித் தீவில் கூவிய துரை

மர்பி டவுனை ஒட்டிய எங்கள் ஏரியின் நடுவில் ஒரு தீவு இருக்கிறது. சுற்றிலும் ஆகாயத்தாமரை. நடுவில் ஒரே ஒரு அரச மரம், அதன் அடியில் நாணல், எல்லாவற்றின் மேலும் கொக்குகளின் எச்சம். மனிதர்கள் கிடையாது. வரலாறு என்று பார்த்தால், எப்போதோ ஏரியைத் தூர் வாரியபோது சேற்றை அள்ளிப்போக லாரி வரவில்லை. அங்கேயே குவித்துவிட்டுப் போய்விட்டார்கள். போன ஆடி மாதம் வரை அவ்வளவுதான் வரலாறு.

எதிர்வீட்டு சரசு அக்கா ஒரு சேவல் வளர்த்தாள். பெயர் துரை. குஞ்சிலிருந்து அவள் கையில் தின்றவன். கூப்பிட்டால் மாடிப்படி ஏறி வருவான். அக்காவின் வீட்டுக்காரருக்கு பொம்மசந்திரா ஃபேக்டரியில் வேலை நிரந்தரமானால் துரையை முனீஸ்வரனுக்கு அறுப்பதாக மாமியார் சொர்ணம் வேண்டிக்கொண்டிருந்தாள். வேலை நிரந்தரமாகிவிட்டது.

அறுக்க வேண்டிய நாளுக்கு முன்தினம் துரையைக் காணவில்லை. ஏரியில் பாசி அள்ளும் படகுக்கார நாகேஷிடம் சரசு அக்கா ஒரு மூடிய கூடையைக் கொடுத்து, தீவில் விட்டுவிடச் சொல்லியிருந்தாள். சொர்ணம் கோழித் திருடர்களைத் திட்டிக்கொண்டு தெரு முழுக்க நடந்தாள்.

ஒளிந்திருக்கிறோம் என்று துரைக்கு யாரும் சொல்லவில்லை. விடிந்ததும் கூவினான். ஏரிக்கரையில் நடைப்பயிற்சி செய்தவர்கள் அப்படியே நின்றார்கள். ஆளில்லாத தீவில் சேவல் ஏது? சாயங்காலத்துக்குள் பதில் கிடைத்துவிட்டது: முருகன் வந்து இறங்கியிருக்கிறார், கூவுவது அவருடைய கொடிச் சேவல். மறுநாள் கரையில் கற்பூரத் தட்டும் உண்டியலும் லவுட் ஸ்பீக்கரும் வந்துவிட்டன.

நேரில் பார்க்காமல் விடமாட்டேன் என்று சொர்ணம் படகில் ஏறினாள். துணைக்கு மருமகள். தேங்காய்த் தட்டோடு நான். படகு தீவைத் தொட்டதும் துரை நாணலிலிருந்து ஓடிவந்து, சரசு அக்காவின் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டான். நாகேஷ் தண்ணீரையே பார்த்தான்.

சொர்ணம் சேவலைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள்.

"இது நம்ம தொரைதானே?"

"ஆமா அத்த" என்றாள் அக்கா, காதில் விழாத குரலில்.

"முனீஸ்வரனுக்கு நேந்து வுட்டத முருகன் தூக்கினு வந்துட்டாரா? சரி, அவங்க ரெண்டு பேரும் பேசித் தீத்துக்கட்டும். முருகன் கை பட்டது மேல நான் கத்தி வெக்க மாட்டேன். முனீஸ்வரனுக்கு வேற வாங்கிக்கலாம்."

கழுத்தில் சாமந்திச் சரத்தோடு துரை வீடு திரும்பினான். தீவில் மறுபடியும் ஆளில்லை.

ஞாயிற்றுக்கிழமை புதுச் சேவல் வந்தது. சாயங்காலமே அது சரசு அக்காவின் உள்ளங்கையில் சோறு தின்றது. அவள் அதற்குப் பெயர் யோசிக்கும்போது நாகேஷ் வாசலில் வந்து நின்றான்.

"யக்கா, இந்த வாட்டி எந்த சாமி வர்றாருன்னு முன்னாடியே சொல்லிடு."